எள்ளினும் சிறிய தேனீயை இனம் கண்டது எப்படி?

எள் பூத்திருக்கும் நாட்களில் காலை எட்டு மணிக்கு மேல் வரப்பில் குந்தி அமர்ந்து, ஒரே ஒரு செடியைக் கால் மணி நேரம் கவனித்தால் போதும். பூவுக்குள் போய் வரும் பூச்சிகள் எத்தனை வகை என்பது தெரிந்துவிடும். அடுக்குத் தேனீ வரும். கொம்புத் தேனீ வரும். இவை இரண்டையும் எந்த விவசாயியும் அடையாளம் சொல்லிவிடுவார். இவற்றுக்கு நடுவே, கறுப்பாகவும் மங்கிய பச்சையாகவும், எறும்புக்கு இறகு முளைத்தாற்போலச் சில பொடிப் பூச்சிகளும் வந்து போகும். கேட்டால் சிலர் கொசு என்பார்கள். சிலர் ஈ என்பார்கள். பூச்சி என்றாலே பயிருக்குப் பகை என்று தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களும் உண்டு.

அந்தப் பொடிப் பூச்சிகளில் பல, தேனீக்களே. ஆனால் அவை கூட்டமாக வாழ்பவை அல்ல. ராணி கிடையாது, வேலைக்காரத் தேனீ கிடையாது, அடை கிடையாது, எடுத்துச் சாப்பிடத் தேனும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே மண்ணில் வளை தோண்டுகிறது. அல்லது காய்ந்த குச்சியைக் குடைகிறது. அதற்குள் சின்னச் சின்ன அறைகளை அமைக்கிறது. பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைத் துளி மதுவில் குழைத்து உருண்டையாக்கி அறைக்குள் வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வாயை அடைத்துவிடுகிறது. பொரித்து வரும் புழு அந்த உருண்டையைத் தின்று வளர்கிறது. இவற்றைத் தனித் தேனீக்கள் என்று பூச்சியியலார் அழைக்கிறார்கள். உலகில் இதுவரை பெயர் பெற்றுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இப்படித் தனித்து வாழ்பவைதாம். (சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் பிசினால் குழல் போல் வாசல் கட்டும் கொசுத் தேனீ வேறு. அது கூட்டமாக வாழ்வது.)

எள் வயலுக்கும் கத்தரித் தோட்டத்துக்கும் வரும் இந்தச் சிறு தேனீக்களைப் பற்றி நம் நாட்டில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. அவற்றில் உள்ள பட்டியல்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பூச்சியின் பெயருக்கு இரண்டு சொற்கள் இருக்க வேண்டும். முதல் சொல் பேரினத்தைச் சொல்வது. இரண்டாவது சொல் இன்ன இனம் என்று சொல்வது. சிறு தேனீக்கள் வரும் இடத்தில் பெரும்பாலும் இரண்டாவது சொல்லுக்குப் பதிலாக 'எஸ்.பி.' என்று இரண்டெழுத்து போட்டிருக்கும். 'பேரினம் வரை தெரிகிறது, அதற்குமேல் இன்னது என்று சொல்ல முடியவில்லை' என்பதே அதற்குப் பொருள்.

ஒரு தேனீக்குப் பெயர் சொல்வது அவ்வளவு கடினமான காரியமா என்று விவசாயிகள் கேட்கலாம். கடினமான காரியம்தான். எவ்வளவு கடினம் என்பதற்கு, உலகிலேயே மிகச் சிறிய தேனீக்கள் சில வாழும் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வேலையே நல்ல சான்று.

ஒரு எள்ளின் எடைக்கு ஒன்பது தேனீ

அங்கே 'பெர்டிட்டா' என்று ஒரு பேரினம் இருக்கிறது. லத்தீன் மொழியில் இந்தச் சொல்லுக்குத் 'தொலைந்து போனவள்' என்று பொருள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வரும் இளவரசியின் பெயரும் இதுவே. பொருத்தமான பெயர். இந்தத் தேனீ மணலில் இறங்கிவிட்டால் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதுதான். வெளிறிய மணலில் உச்சி வெயில் நேரத்தில் பூச்சியைவிட அதன் நிழல்தான் முதலில் கண்ணுக்குப் படும்.

இந்தப் பேரினத்தில் 600-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறியது 'பெர்டிட்டா மினிமா'. நீளம் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம் பெரிது, எள்ளைவிடச் சிறிது என்று வைத்துக்கொள்ளலாம். எடை ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயிரம் எள் ஏறக்குறைய 3 கிராம் நிற்கும் என்பது விதை வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு எள்ளின் எடைக்கு ஒன்பது தேனீக்களைத் தராசில் வைக்க வேண்டும்!

இவ்வளவு சிறிய உடம்புக்குள் தேனீக்கு உரிய எல்லாமே இருக்கின்றன. நான்கு இறகுகள், கூட்டுக் கண்கள், மது உறிஞ்சும் நாக்கு, மகரந்தம் சுமக்கும் கால்கள் எதிலும் குறையில்லை. மணற்பாங்கான மண்ணில் வளை தோண்டுகிறது. இது நாடிச் செல்லும் பூவும் நம் விவசாயிகளுக்குப் புதியதல்ல. நம் வரப்புகளில் தரையோடு தரையாகப் படர்கிற அம்மான் பச்சரிசியின் பேரினத்தைச் சேர்ந்த, அதே போன்ற பாலைவனக் களைச் செடிகளின் பொடிப் பூக்களே இதற்கு ஆகாரம்.

பெர்டிட்டா மினிமாவை 1923-ம் ஆண்டில் உலகுக்கு விவரித்தவர் தியோடர் காக்கரெல். 1866-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளம் வயதில் காசநோய் கண்டது. வறண்ட மலைக்காற்று நல்லது என்று 1887-ல் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிக்குச் சென்று தங்கி உடல் தேறினார். பிறகு நியூமெக்சிகோவில் இருந்த விவசாயக் கல்லூரியில் பூச்சியியல் ஆசிரியரானார். பயிர்களின் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகள், மாவுப்பூச்சிகள் இவற்றில் அவர் பெரிய நிபுணர். ஆனாலும் மனம் தேனீக்களிடம் போயிற்று. 1948-ல் காலமாகும்வரை அவர் பெயர் வைத்த தேனீக்கள் ஆயிரக்கணக்கானவை. அந்த வேகத்தில் ஒரே இனத்துக்கு இரண்டு முறை வெவ்வேறு பெயர் வைத்துவிட்டதும் உண்டு. பின்னால் வந்தவர்கள் உட்கார்ந்து சரிபார்த்துத் திருத்த வேண்டியிருந்தது.

அப்படிப் பெர்டிட்டாக்களை ஒழுங்கு செய்தவர் பிலிப் டிம்பர்லேக். இவரும் விவசாயத் துறை மனிதரே. ஹவாய் தீவுகளில் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் பூச்சியியல் பிரிவிலும், பின்னர் கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரத்து எலுமிச்சை இனப்பயிர் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பார்த்தவர். மாவுப்பூச்சிகளின் உடம்பில் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளை ஆராய்வது அவருடைய தொழிலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத குளவிகளோடு பழகிய கண்ணுக்குப் பெர்டிட்டா பெரிதாகத் தெரிந்திருக்கும். அந்தப் பேரினம் முழுவதையும் ஒப்பிட்டு ஆராய்ந்து அவர் எழுதிய நூலின் முதல் பகுதி 1954-ல் வந்தது. கடைசிப் பகுதி 1980-ல் வந்தது. அப்போது அவருக்கு 96 வயது நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு காலமானார்.

பிடிப்பதிலிருந்து பெயர் வரை

ஒரு சிறு தேனீயைப் பிடித்து வந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று விவரமாகவே பார்க்கலாம்.

பிடிப்பதற்கு நெருக்கமான கண் உள்ள வலையைப் பூவின் மேல் கவிழ்ப்பார்கள். மஞ்சள், நீலம், வெள்ளை நிறக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பதும் உண்டு. பூ என்று எண்ணி இறங்கும் பூச்சி அதில் மூழ்கிவிடும். பெரிய வண்டாக இருந்தால் முதுகில் ஊசி குத்தி நிறுத்துவார்கள். பெர்டிட்டாவைக் குத்தினால் ஊசிதான் மிஞ்சும்! ஆகவே அட்டையை முக்கோணத் துண்டாக நறுக்கி, அதன் கூர்முனையில் துளிப் பசை தொட்டு, பூச்சியின் பக்கவாட்டை அதில் ஒட்டுகிறார்கள். ஊசி அட்டையைத்தான் துளைக்கும்.

அதே ஊசியில் அடியில் ஒரு சீட்டும் ஏறும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பூவின் மேல், பிடித்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பூச்சி உடைந்துபோனாலும் ஓரளவு சமாளிக்கலாம். சீட்டு இல்லாத பூச்சி எதற்கும் உதவாது. விதைப் பையில் ரகத்தின் பெயர்ச் சீட்டு கிழிந்து போனால் விதைக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான்.

பிறகு மைக்ராஸ்கோப் வேலை தொடங்குகிறது. முதலில், இது ஈயா, குளவியா, தேனீயா? ஈக்கு இறகு இரண்டு, தேனீக்கு நான்கு. குளவிக்கும் நான்குதான். குளவியின் உடம்பில் உள்ள முடி நேராக, கிளையில்லாமல் இருக்கும். தேனீயின் முடிகளில் சிலவாவது இறகு போல் கிளைத்திருக்கும். மகரந்தம் ஒட்டிக்கொள்வதற்கென்றே அமைந்த முடி அது. பெர்டிட்டா போன்றவற்றின் உடம்பு ஏறக்குறைய மொட்டையாக இருப்பதால், கிளைத்த முடி ஒன்றிரண்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

அடுத்தது குடும்பம். மீசைக்கொம்பு முளைக்கும் குழிக்குக் கீழே முகத்தில் ஓடும் தையல் கோடு ஒன்றா, இரண்டா என்று பார்க்கிறார்கள். பெர்டிட்டாவின் குடும்பத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். பிறகு இறகு. தேனீயின் இறகில் நரம்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, வயலில் வரப்பு பிரிப்பது போல் அறைகளாகப் பிரிக்கின்றன. பெர்டிட்டாவின் முன்னிறகு விளிம்போரம் உள்ள அறை மிகக் குட்டை. நுனியை நறுக்கிவிட்டாற்போல் முடியும். இவ்வளவும் பார்த்தால் பேரினம் வரை வந்து சேரலாம். 'எஸ்.பி.' என்று எழுதி நிறுத்திக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதற்குமேல் போவதுதான் பாடு. 600-க்கு மேற்பட்டவற்றில் இது எது, அல்லது இவற்றில் எதுவுமே இல்லையா? முகத்தில் உள்ள வெள்ளை, மஞ்சள் புள்ளிகளின் வடிவம், தலையின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், தோலில் உள்ள ஊசிக்குத்துப் போன்ற குழிகள் எவ்வளவு நெருக்கம், தாடையின் முனை ஒன்றா இரண்டா என்று ஒவ்வொன்றாக அளந்து குறிக்க வேண்டும். ஆண் பூச்சி கிடைத்தால் மிகவும் நல்லது. வயிற்றின் நுனியில் மறைந்திருக்கும் அதன் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுவது. அதைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையை நீக்கி, தெளிந்த கூட்டை மட்டும் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் கிளிசரின் துளியோடு ஒரு சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சியின் ஊசியிலேயே மாட்டிவைக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் தேனீயின் வயிற்று நுனியில் இவ்வளவும் நடக்கிறது. மூச்சு விட்டால் பறந்துவிடும் பொருள்!

எழுதிவைத்த விவரங்களோடு பொருத்திப் பார்த்தால் மட்டும் போதாது. பழைய இனங்களின் மூலமாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். ஒரு இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர், இதுதான் அது என்று ஒரே ஒரு பூச்சியைக் குறித்து ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்திருப்பார். பெரும்பாலும் அதற்குச் சிவப்புச் சீட்டு குத்தியிருக்கும். பிற்காலத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு பூச்சிதான் சாட்சி. நிலத் தகராறு வந்தால் மூலப்பத்திரத்தைத் தேடுவது போல. நம் நாட்டுத் தேனீக்களின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இந்தியத் தேனீக்களையும் குளவிகளையும் முதலில் தொகுத்து எழுதிய பிங்காமின் பெரிய நூல் 1897-ல் வெளிவந்தது. அக்காலத்து மூலமாதிரிகள் பல லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பவர் ஒரு சிறு தேனீயைப் புதிது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், கடல் கடந்து அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டிவரும்.

இத்தனையும் செய்து, எதனோடும் பொருந்தவில்லை என்று உறுதியானால் பெயர் வைக்கலாம். விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்குச் சர்வதேச விதிகள் உண்டு. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் வெளியிட்ட நூலிலிருந்து கணக்கு தொடங்குகிறது. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால், பொதுவாக முந்தியதே நிற்கும். தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபல்ல.

ஆணும் பெண்ணும் ஒரே இனமா?

டிம்பர்லேக் வகுத்துவைத்த பிரிவுகளில் ஒன்றுக்கு 'ஹெட்டரோபெர்டிட்டா' என்று பெயர். இந்தத் தேனீக்கள் தேடிச் செல்லும் செடி 'டிக்விலியா'. பாலைவன மணலில் பாய் விரித்தாற்போல் படர்வது. தேள்கொடுக்குச் செடிக்குத் தூரத்து உறவு. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சாக்கரி போர்ட்மன், நெஃப், கிரிஸ்வோல்ட் என்ற இரு நிபுணர்களோடு சேர்ந்து இந்தப் பிரிவை மீண்டும் முழுமையாக ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார். ஒன்பது புதிய இனங்கள் அதில் பெயர் பெற்றன. டைட்டானியா, டெஸ்டிமோனா என்று சிலவற்றுக்கு ஷேக்ஸ்பியர் நாடகப் பெண்களின் பெயர்களையே சூட்டினார்கள். 'தொலைந்து போனவள்' வீட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

இந்த ஆராய்ச்சியில் எதிர்பாராதது, இரண்டு இனங்களின் ஆண் தேனீக்கள். பார்த்தால் எறும்பு போலவே இருந்தன. அந்த இனத்துப் பெண்ணுக்கும் இவற்றுக்கும் உருவத்தில் சம்பந்தமே இல்லை. தனித்தனியாகக் கையில் கொடுத்தால் ஒரே இனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரணமாகப் பெர்டிட்டா ஆண்கள் பூவின் மேல் காத்திருந்து பெண்ணோடு சேர்பவை. எறும்பு உருவம் கொண்டவை பெரும்பகுதிக் காலத்தை வளைக்குள்ளேயே கழிக்கக்கூடும் என்பது ஆராய்ந்தவர்களின் ஊகம்.

சிறு தேனீக்களில் இது அடிக்கடி வரும் தொல்லை. ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று ஒரே இனம் இரண்டு பெயர்களில் பல ஆண்டுகள் கிடப்பதுண்டு. சேர்ந்திருக்கும்போது இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால் சந்தேகம் தீரும். ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே பூவில் திரும்பத் திரும்பக் கிடைத்தால் ஓரளவு நம்பலாம். இப்போது மரபணுச் சோதனையும் உதவிக்கு வந்திருக்கிறது. ஆனால் சோதனை இரண்டு பூச்சிகள் ஒரே இனமா இல்லையா என்று சொல்லுமே தவிர, 1923-ல் காக்கரெல் பெயர் வைத்தது இதற்குத்தானா என்பதைச் சொல்ல, மறுபடியும் அந்த ஊசியையும் சீட்டையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருப்பதன் அவசியம் இதனால்தான். யூட்டாவில் லோகன் நகரத்தில் உள்ள அமெரிக்க வேளாண்மைத் துறையின் தேனீ ஆராய்ச்சிக்கூடத்தில் மட்டும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தேனீக்கள் இப்படிச் சீட்டோடு நிற்கின்றன.

பெயரால் விவசாயிக்கு என்ன லாபம்?

பெர்டிட்டா மினிமாவால் எந்த விவசாயியின் மகசூலும் கூடியதாகச் செய்தி இல்லை. அது பாலைவனத்துப் பூச்சி. ஆனால் அதே மனிதர்கள், அதே முறையில் செய்த வேறு காரியங்களின் பலன் சேலம், நாமக்கல் மாவட்டத்து மரவள்ளி விவசாயிகளின் வயல்வரை வந்திருக்கிறது.

மரவள்ளியின் கொழுந்தைச் சுருட்டிக் குட்டையாக்கும் மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் 1970-களின் தொடக்கத்தில் தலைகாட்டியது. 'பெனகாக்கஸ்' என்ற பேரினத்தில் அதைச் சேர்த்து 1977-ல் பெயர் வைத்தார்கள். அந்தப் பேரினத்தை 1893-லேயே வகுத்தவர் தேனீக்குப் பெயர் வைத்த அதே காக்கரெல்தான். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர் ஆகையால், பூச்சியும் அதன் இயற்கை எதிரிகளும் அங்கேதான் இருக்கும் என்று தேடினார்கள். வடபகுதியில் மரவள்ளியில் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுபோனால் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் அவை எடுபடவில்லை. மறுபடி உற்றுப் பார்த்ததில்தான் விஷயம் தெரிந்தது. தென் அமெரிக்காவில் கிடைத்த பூச்சியில் ஆணும் பெண்ணும் இருந்தன. ஆப்பிரிக்கப் பூச்சியில் பெண் மட்டுமே. இரண்டும் வேறு வேறு இனம்! உண்மையான பூச்சி 1981-ல் பராகுவே நாட்டில் அகப்பட்டது. அதன் மேல் ஒரு சிறு குளவியும் இருந்தது. அந்தக் குளவிக்கு அர்ஜென்டினாவின் டி சாண்டிஸ் என்பவர் 1964-லேயே, யாருக்கும் தேவைப்படாத காலத்தில், பெயர் வைத்திருந்தார். அதை ஆப்பிரிக்காவில் விட்டார்கள். பல நாடுகளில் மரவள்ளி பிழைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தில் காணப்பட்டு, பின் தமிழகத்து மரவள்ளியையும் பாழாக்கியபோது, அதே குளவியை வரவழைத்து 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். எந்தப் பூச்சிக்கு எந்தக் குளவி என்று தேட வேண்டிய வேலை அப்போது மிச்சமாக இல்லை.

தேனீயிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. குதிரைமசால் பூவைப் பெட்டித் தேனீ விரும்புவதில்லை. பூவின் மடலுக்குள் மடங்கியிருக்கும் சூலகத்தண்டு, தொட்டதும் வில் போல் நிமிர்ந்து தேனீயின் தலையில் அடிக்கும். ஒரு முறை அடிபட்ட தேனீ பக்கவாட்டில் மது திருடக் கற்றுக்கொள்ளும், விதை பிடிக்காது. உவர் மண்ணில் வளை தோண்டும் தனித் தேனீ ஒன்று இந்த அடியைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு 1906-ல் 'நோமியா மெலாண்டரி' என்று பெயர் வைத்தவரும் காக்கரெல்தான். குதிரைமசால் விதைக்கு இதைவிட நல்ல தேனீ கிடையாது என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து விதை விவசாயிகள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைப் பயிர் செய்யாமல் ஒதுக்கி, அடியில் குழாய் வைத்து ஈரம் காட்டி, மேலே உப்புத் தூவி, இந்தத் தேனீக்கு மண் படுக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். பறக்கும் பருவத்தில் தேனீக்கள் அடிபடாதிருக்க அந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டிகளுக்கு வேக வரம்பும் உண்டு. உவர் நிலத்தைத் தேடி உப்பும் போடுகிறார்கள் என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள்!

நம் வரப்பில் இருப்பவை

எள், கத்தரி, துவரை வயல்களுக்கு வரும் சிறு தேனீக்களில் பல, வரப்பிலும் வண்டிப்பாதை ஓரத்துக் கெட்டி மண்ணிலும் வளை தோண்டுகின்றன. வளையின் வாய் குண்டூசியால் குத்தியது போலத்தான் இருக்கும். சுற்றிலும் பொடி மண் சிறு குவியலாகக் கிடக்கும். எறும்பு வளை என்று நினைத்துக் கடந்துபோவது எளிது. எறும்பு வளையில் சாரி சாரியாகப் போக்குவரத்து இருக்கும். தேனீ வளையில் ஒன்றே ஒன்று, கால்களில் மஞ்சள் பொடியோடு இறங்கி, சற்று நேரம் கழித்து வெறுங்காலோடு வெளியே வரும். வேறு சில இனங்கள், நடுவே நெட்டி உள்ள காய்ந்த குச்சிகளைக் குடைந்து குடியிருக்கின்றன. கொட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இவற்றுக்குக் காவல் காக்கக் கூட்டம் இல்லாததால் மனிதரைத் துரத்துவதில்லை.

வரப்பு முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டிப் பூசாமல் ஒரு மூலையை அப்படியே விட்டுவைப்பது, வரப்பில் பூக்கும் அம்மான் பச்சரிசி போன்ற சிறு களைகளைப் பயிருக்குத் தொல்லை இல்லாத இடத்தில் கொல்லாமல் விடுவது, பூக்கும் பருவத்தில் மருந்து தெளிக்கத்தான் வேண்டும் என்றால் காலையில் அல்லாமல் மாலை சாய்ந்தபின் தெளிப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. வளையில் அடைபட்ட புழு அடுத்த பருவத்தில்தான் வெளிவரும் இனங்கள் உண்டு. இந்த ஆண்டு ஆழ உழுது புரட்டினால் அடுத்த ஆண்டுத் தேனீயும் சேர்ந்தே போய்விடும்.

இன்ன தேனீ எனத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையிலோ விசாரிக்கலாம். பல்கலைக்கழகத்தில் 2018 முதல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பூச்சியைக் கொண்டுபோகிறவர்கள் கையால் நசுக்கிப் பிடிக்கக் கூடாது. பூவோடு சேர்த்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் சில துளி விட்டு மூடினால் கெடாது. ஒரே பூவில் கிடைத்த நாலைந்தைச் சேர்த்து வைப்பது நல்லது. அவற்றில் ஆணும் இருக்கக்கூடும். ஊர், தேதி, நேரம், எந்தச் செடியின் பூ என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். சீட்டைப் பென்சிலால் எழுதுவது முக்கியம். ஸ்பிரிட் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.